மணிக்குக் கீழே ஆடும் இலை

ரங்கூனில் எங்கள் நாலாம் மாடி பால்கனியில் ஒரு சின்னப் பித்தளை மணி தொங்குகிறது. ஷ்வேடகன் பகோடாவுக்கு ஏறும் படிக்கட்டுக் கடைகளில் விற்பார்களே, அந்த மணிதான். பகோடாக்களின் உச்சிக் குடையைச் சுற்றித் தொங்குவதும் இதே ஜாதி மணிதான். அதன் நாக்கைக் கவனித்திருக்கிறீர்களா? நாக்கு நுனியில் அரச இலை வடிவத்தில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். காற்று அந்த இலையைப் பிடித்துத் தள்ளும், இலை நாக்கை இழுக்கும், நாக்கு மணியில் இடிக்கும். இலையைக் கழற்றிவிட்டால் எவ்வளவு காற்றடித்தாலும் மணி அநேகமாக ஊமைதான்.

போன மழைக்காலத்தில் கரண்ட் போயிருந்த ஒரு சாயங்காலம், அக்கா மகன் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இது நாள் பூரா சும்மாவே ஆடிக்கிட்டு இருக்கே, இதுலேருந்து கரண்ட் எடுக்க முடியாதா?"

முடியும். உலகத்தில் பல ஆய்வுக்கூடங்களில் இதையேதான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஓடுகிற காற்றிலோ தண்ணீரிலோ ஒரு பொருளை அதிரவிட்டு, அந்த அதிர்வை பீசோ என்கிற ஒரு வகைப் பொருளால் மின்சாரமாக மாற்றுவது. நான் ரேடியோவும் இன்வெர்ட்டரும் பழுதுபார்க்கிறவன், விஞ்ஞானி இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வருஷமாக மூழ்கிக் கிடக்கிறேன். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பீசோ. அது நமக்குப் புதிது இல்லை. கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அமுக்கினால் 'டக்' என்று ஒரு பொறி வருகிறதே, உள்ளே பேட்டரி கிடையாது. ஒரு சின்னச் சுத்தியல் ஸ்பிரிங்கில் இருந்து விடுபட்டு ஒரு பீங்கான் துண்டின் தலையில் அடிக்கிறது, அந்த அடியில் பீங்கானின் இரண்டு முனைக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, காற்றைத் தாண்டிப் பொறியாகப் பாய்கிறது. அழுத்தினால், வளைத்தால், அடித்தால் மின்னூட்டம் காட்டும் இந்தக் குணத்துக்குத்தான் பீசோ விளைவு என்று பெயர், தமிழில் அழுத்தமின் விளைவு என்று எழுதுகிறார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், சில படிகங்களுக்குள் கூட்டல் மின்னூட்டமும் கழித்தல் மின்னூட்டமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. அழுத்தும்போது எல்லாம் கொஞ்சம் நகர்கிறது. அடுக்கு இருபுறமும் ஒரே மாதிரி அமைந்த படிகமாக இருந்தால் நகர்ந்த பிறகும் கணக்கு சரியாகவே இருக்கும். அப்படி அமையாத படிகத்தில் கூட்டல் ஒரு பக்கமும் கழித்தல் மறுபக்கமும் ஒதுங்கிவிடும், அதனால் இரண்டு முகங்களிலும் மின்னூட்டம் தெரியும். கையை எடுத்தால் பழைய நிலை. எதிர்ப்பக்கம் வளைத்தால் மின்னூட்டமும் எதிர்ப்பக்கம். இந்தக் கடைசி வரியை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இதை 1880-இல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி. தம்பிக்கு அப்போது 21 வயது. குவார்ட்ஸ், புஷ்பராகம், டூர்மலின், ஏன் கரும்புச் சர்க்கரைப் படிகத்தைக்கூட அழுத்திப் பார்த்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் மின்னூட்டம் வந்தது. இதில் டூர்மலின் நம் ஊர்க் கல். மொகோக்கில் மாணிக்கத்தோடு அதுவும் கிடைக்கிறது, பக்கத்து மோமெய்க்கில் காளான் வடிவத்தில் வளரும் டூர்மலினுக்கு உலகம் முழுக்கப் பெயர். ஸ்காட் மார்க்கெட்டில் கல் வியாபாரம் செய்யும் எங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, கையில் இருந்த ரோஸ் நிறக் கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கல்லைச் சூடாக்கினாலும் மின்னூட்டம் வரும், அது இதற்கு உடன்பிறப்பான வேறொரு விளைவு. 1700-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அதைக் கொண்டுபோன டச்சுக்காரர்கள், சூடான டூர்மலின் புகைக்குழாய்ச் சாம்பலை இழுப்பதைப் பார்த்து 'சாம்பல் இழுக்கும் கல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இன்று யாரும் ரத்தினக் கல்லை வைத்து மின்சாரம் எடுப்பதில்லை. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த பி.இசட்.டி. என்ற பீங்கான் 1950-களில் வந்தது, அதே அழுத்தத்துக்குக் குவார்ட்ஸைப்போல நூறு மடங்குக்கு மேல் மின்னூட்டம் தருகிறது. ஆனால் பீங்கான்தானே, ரொம்ப வளைத்தால் விரிசல் விட்டுவிடும். இன்னொன்று பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் தாள், அதன் பீசோ குணத்தை 1969-இல் ஜப்பானின் கவாய் கண்டுபிடித்தார். மின்னூட்டம் பி.இசட்.டி.யில் பத்தில் ஒரு பங்குதான், ஆனாலும் துணி மாதிரி மடங்கும். விலை மலிவாகக் கையில் கிடைப்பது முதல் வகை. பழைய அலாரம் கடிகாரத்தையோ பொம்மையையோ பிரித்தால் பித்தளை வட்டத்தின் மேல் வெள்ளையாக ஒரு தட்டு ஒட்டியிருக்கும், அதுதான்.

சரி, இப்போது இந்தக் கட்டுரையின் உயிரான இடத்துக்கு வருவோம்.

பீசோவை ஒரு முறை வளைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒரு முறைதான் மின்னூட்டம் வரும், அதோடு சரி. மின்சாரம் வந்துகொண்டே இருக்கவேண்டுமென்றால் இப்படியும் அப்படியும் மாறி மாறி வளைய வேண்டும். ஆனால் ஆறோ காற்றோ ஒரே பக்கமாகத்தானே போகிறது? ஒரே பக்கமாகத் தள்ளினால் பொருள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கவேண்டியதுதானே, ஏன் ஆடுகிறது? நான் இதை வெகுநாள் யோசித்ததே இல்லை. கொடி படபடப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிவிட்டதால் அதில் ஒரு கேள்வி இருப்பதாகவே தோன்றவில்லை.

பான்சோடான் துறையில் டாலா போகும் படகுக்கு நிற்கும்போது ஓரத்தில் நட்ட மூங்கிலைப் பாருங்கள். ஏற்றத்திலோ வற்றத்திலோ தண்ணீர் வேகமாக ஓடும் நேரத்தில் மூங்கில் சும்மா சாய்ந்து நிற்காது, பக்கவாட்டில் நடுங்கும். கையை வைத்தால் தெரியும், தண்ணீர் போகும் திசைக்குக் குறுக்கே நடுங்குகிறது. காரணம், மூங்கிலின் இரண்டு பக்கமும் வழிந்து போகும் தண்ணீர் பின்னால் நேராகச் சேர்வதில்லை. வலப்பக்கம் ஒரு சுழல் பிறந்து கழன்று போகிறது, அப்புறம் இடப்பக்கம் ஒன்று, அப்புறம் வலப்பக்கம். ஒரு பக்கம் சுழல் கழலும்போது இரண்டு பக்கத்துக்கும் அழுத்தம் வேறுபட்டு, மூங்கில் குறுக்கே இழுபடுகிறது. மறுபக்கச் சுழல் மறுபக்கம் இழுக்கிறது. ஒரே சீரான ஓட்டம், மூங்கிலுக்குப் பின்னால் போனதும் தானே தாளம் போட ஆரம்பித்துவிடுகிறது. எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்தான்.

பின்னால் நடக்கும் அந்தச் சுழல் வரிசைக்கு கார்மான் சுழல் வரிசை என்று பெயர், 1911-12 வாக்கில் அதைக் கணக்கிட்டு விளக்கிய தியோடர் ஃபான் கார்மானை வைத்து. அதற்கும் முன்னால் 1878-இல் ஸ்ட்ரௌஹால் என்ற செக் நாட்டுக்காரர் காற்றில் கம்பி ஊளையிடுவதை ஆராய்ந்து தாளத்தின் வேகத்தைப் பிடித்துவிட்டார். கணக்கு ரொம்பச் சுலபம்: ஓட்டத்தின் வேகத்தைப் பொருளின் பருமனால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று வந்துவிடும். 5 சென்டிமீட்டர் மூங்கில், நொடிக்கு 1 மீட்டர் ஓடும் ஆறு என்றால் நொடிக்கு 4 தடவை. 2 மில்லிமீட்டர் துணிக்கம்பி, நொடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் 500 தடவை, அது காதில் விழும் ஓசை. புயல் வருமுன் மாடியில் கம்பி 'ஊ' என்று அழுவது இதனால்தான்.

அடுத்தது ஒத்ததிர்வு. ஸ்டீல் ஸ்கேலை மேஜை விளிம்பில் அமுக்கிப் பிடித்து நுனியைத் தட்டிவிட்டால் அதற்கென்று உள்ள ஒரு வேகத்தில்தான் துடிக்கும், நீளம் குறைந்தால் வேகம் கூடும். சுழல் போடும் தாளமும் ஸ்கேலின் சொந்தத் தாளமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஆட்டம் பெரிதாகிவிடும். அதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. ஆட்டம் பெரிதானதும் சுழல்கள் தங்கள் தாளத்தை விட்டுவிட்டுப் பொருளின் தாளத்துக்கே கழல ஆரம்பிக்கின்றன. காவடி எடுத்து ஆடுகிறவர் மேளத்துக்கு ஆடுகிறார், ஆட்டம் ஏறியதும் மேளக்காரர் அவர் காலைப் பார்த்து அடிக்கிறார் அல்லவா, அப்படி. இதனால் காற்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் உடனே நின்றுவிடுவதில்லை. ஆனால் ரொம்ப மாறிவிட்டால் கூட்டு முறிந்துவிடும், அதுதான் இந்த முறையின் பெரிய தலைவலி. இயற்கைக் காற்று ஒரே வேகத்தில் எங்கே அடிக்கிறது?

அதனால் வேறு ஆட்டங்களையும் தேடிப்போனார்கள். வட்டக் குச்சிக்குப் பதில் சதுரமோ அரைவட்டமோ வைத்தால், ஒரு வேகத்தைத் தாண்டியதும் பொருள் கொஞ்சம் நகர்ந்தாலே காற்று அதை அதே பக்கம் இன்னும் தள்ளிவிடும். குதிரை ஓட்டம் மாதிரி எழும்பி எழும்பி ஆடும், காற்று கூடக்கூட ஆட்டமும் கூடும், தாளம் ஒத்துப்போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பனி நாடுகளில் மின்கம்பிகளில் பனிக்கட்டி ஒருபக்கமாக ஒட்டி வடிவம் கெட்டுப்போய், கம்பிகள் மீட்டர் கணக்கில் துள்ளும் தொல்லையிலிருந்துதான் இதைப் படித்தார்கள். மூன்றாவது, கொடி படபடப்பது மாதிரி வளைவும் முறுக்கும் சேர்ந்த ஆட்டம். அமெரிக்காவில் 1940 நவம்பர் 7-ஆம் தேதி டக்கோமா தொங்குபாலம் அறுந்து விழுந்ததே, திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, அதைக் கொன்றது இந்த வகை ஆட்டம். பாலத்தை உடைக்கும் அளவுக்குக் காற்றிடமிருந்து சக்தியை உறிஞ்ச முடியும் என்றால் அதை ஏன் நமக்காக உறிஞ்சக்கூடாது என்பதுதான் இந்தத் துறையின் ஆசை.

தண்ணீரில் செய்ததில் எனக்குப் பிடித்தது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆலனும் ஸ்மிட்ஸும் 2001-இல் வெளியிட்ட 'விலாங்கு'. ஓடும் தண்ணீரில் ஒரு தட்டையான தடுப்பை நிறுத்தி, அதன் பின்னால் நீளமான மெல்லிய தாளை விட்டார்கள். தடுப்பிலிருந்து கழலும் சுழல்கள் ஒவ்வொன்றும் தாளைத் தொட்டு நெளித்துக்கொண்டே போக, தாள் விலாங்கு மீன் நீந்துவதுபோல நெளிந்தது. அந்தத் தாள் பீசோ பிளாஸ்டிக்காக இருந்தால் ஒவ்வொரு நெளிவும் மின்சாரம்.

இனி என் தொழில் பக்கம். பீசோவிலிருந்து வருவது முன்னும் பின்னும் மாறும் மின்சாரம், வளைவு எதிர்ப்பக்கம் போனால் மின்னூட்டமும் எதிர்ப்பக்கம் போகும் என்று சொன்னேன் அல்லவா. அதனால் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும் டயோடு நாலை வைத்து ஒரே திசைக்குத் திருப்பி, மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெபாசிட்டரில் சேர்க்கவேண்டும். இங்கேதான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன். மீட்டரை வைத்தால் 10 வோல்ட், 15 வோல்ட் காட்டும், பல்பை மாட்டினால் செத்துப்போகும். வோல்ட் அதிகம், மின்னோட்டம் ரொம்பக் குறைவு. அந்தச் சின்ன வட்டத்தட்டே ஒரு 20 நானோஃபாரட் கெபாசிட்டர் மாதிரி, நொடிக்கு 10 ஆட்டத்தில் அதன் உள்தடை கிட்டத்தட்ட 8 லட்சம் ஓம் வருகிறது. அதற்குச் சமமான தடையை வெளியே மாட்டினால்தான் அதிகபட்சச் சக்தி கிடைக்கும். சாதாரண பல்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொரு விஷயம், மின்சாரத்தை எடுக்க எடுக்க ஆட்டம் குறையும். மின்சாரமாக வெளியே போகும் சக்தி ஆட்டத்திலிருந்துதானே போகிறது, சுழல்கள் தள்ளித் தள்ளி ஏற்றும் சக்தியை நாம் ஒரு பக்கம் இறைக்கிறோம். கிணற்றில் ஊற்று சுரப்பதைவிட வேகமாக இறைத்தால் வாளி தரையில் இடிக்கும். அளவாக இறைக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

எவ்வளவு வரும் என்று நேராகவே கணக்குப் போட்டுவிடலாம். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் ஜன்னல் வழியாக நொடிக்கு 4 மீட்டர் காற்று போனால் அதில் இருக்கும் மொத்தச் சக்தியே 0.4 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஜன்னல் வழியாக நொடிக்கு 1 மீட்டர் தண்ணீர் போனால் 5 வாட், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு கனம். அந்த 0.4 வாட்டிலும் ஒரு துளியைத்தான் பீசோ பிடிக்கும். என் வட்டத்தட்டில் ஒரு வளைவுக்கு 10 வோல்ட் எழும்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வளைவின் சக்தி ஒரு மைக்ரோ ஜூல், அதாவது ஒரு ஜூலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 10 ஆட்டம், அதாவது 20 வளைவு, ஆக 20 மைக்ரோவாட். நல்ல ஆய்வுக்கூடக் கருவிகள் மில்லிவாட் கணக்கில் தருகின்றன. சரி, ஒரு மில்லிவாட்டே கிடைத்தாலும், 15 வாட்-மணி கொள்ளும் ஒரு போன் பேட்டரியை நிரப்ப 15,000 மணி நேரம் ஆகும், 625 நாள்.

ஆகவே இதை வைத்து வீட்டுக்கு விளக்கு எரிக்கலாம், ஃபேன் ஓட்டலாம் என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள், காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நம் ஊரில் இருட்டில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேர் இப்படிக் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கரண்ட் திரும்பி வந்தால் தெருவே 'மீ லா பியி', அதாவது கரண்ட் வந்தாச்சு, என்று கத்தும் ஊர் இது. வீட்டுக்கு வேண்டிய மின்சாரம் சோலார், லாபிதா அருவியில் சுழல்வது மாதிரியான பெரிய டர்பைன் போன்றவற்றிலிருந்துதான் வரும்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? காவல் காக்கிற சின்னக் கருவிகளுக்காக. ஆற்றில் நீர்மட்டம் ஏறுகிறதா, குழாய்க்குள் அழுத்தம் குறைகிறதா, பாலத்தின் அடியில் அதிர்வு மாறுகிறதா என்று பார்க்கும் சென்சாருக்கு ரொம்பக் கொஞ்சம் போதும். பெரும்பாலான நேரம் அது தூங்குகிறது, அப்போது சில மைக்ரோவாட்தான் செலவு. விழித்து ஒரு செய்தி அனுப்ப, 100 மில்லிவாட்டில் நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரம் என்றால், 5 மில்லி ஜூல். என் 20 மைக்ரோவாட் தட்டு அதைச் சேர்க்க 250 நொடி எடுக்கும், தூக்கத்துக்கான செலவு, டயோடு தின்பது, சேதாரம் எல்லாம் கழித்துப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "தண்ணீர் இந்த அளவில் இருக்கிறது" என்று ஒரு செய்தி வந்துகொண்டிருந்தால், ஆற்றோரத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வெயிலே இல்லாமல் சோலார் தகடு படுத்துவிடும், ஆனால் அப்போதுதான் ஆறு வேகமாக ஓடும். தேவை வரும் நேரத்தில் சக்தியும் வருகிறது. எனக்கு இதில் இவ்வளவு ஆசை வந்ததே இந்த ஒரு காரணத்தால்தான்.

சின்ன டர்பைன் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல காற்றில், கொஞ்சம் பெரிய அளவில், டர்பைன்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சிறிதாக்கச் சிறிதாக்க பேரிங்கின் உராய்வே வரும் சக்தியைத் தின்றுவிடும், சேறும் பாசியும் நாரும் அச்சில் சுற்றிக்கொள்ளும். அதிரும் தகட்டில் சுழலும் பாகமே கிடையாது. அதற்கும் நோய் உண்டு: லட்சக்கணக்கான தடவை வளைந்து பீங்கான் களைத்து விரிசல் விடும், ஈரம் இறங்கினால் சேர்த்த மின்னூட்டம் கசிந்துவிடும், பாசி பிடித்தால் கனம் கூடித் தாளம் மாறிப்போகும்.

வீட்டில் செய்துபார்க்க ஆசையிருந்தால் நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு ஸ்டீல் ஸ்கேலை பால்கனிச் சுவரில் தட்டையாக வைத்து ஒரு முனையை இறுக்கி, 12 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டேன். நுனியில் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே படுக்கவைத்துக் கட்டினேன், ஆங்கில 'டி' எழுத்து மாதிரி. ஸ்கேலை இறுக்கிய இடத்துக்கு ஒட்டினாற்போலப் பீசோ தட்டைப் பசைபோட்டு ஒட்டவேண்டும், வளைவு அதிகமாக இருப்பது அங்கேதான், நுனியில் ஒட்டினால் ஒன்றும் வராது. ஈயம் வைக்கும்போது சால்டர் கம்பியை ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். முதல் தட்டில் நான் நிதானமாக வைத்து வெள்ளிப் பூச்சையே உரித்துவிட்டேன், தவிர அளவுக்கு மீறிச் சூடேறினால் பீங்கானின் பீசோ குணமே போய்விடும். பாட்டில் 6 சென்டிமீட்டர் பருமன், காற்று நொடிக்கு 3 மீட்டர், 0.2-ஆல் பெருக்கினால் நொடிக்கு 10 ஆட்டம். ஸ்கேலும் பாட்டிலும் சேர்ந்த சொந்தத் தாளமும் 10-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து, ஸ்கேலை முன்னே பின்னே இழுத்துச் சரிசெய்தேன்.

முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை, பாட்டில் சோம்பேறித்தனமாக அசைந்தது. நாலாம் நாள் மத்தியானம் ஆற்றுப் பக்கமிருந்து தென்மேற்குக் காற்று ஒரே சீராக வந்தது. பாட்டில் மெல்ல ஆரம்பித்து, திடீரென்று பிடித்துக்கொண்டது, கண்ணுக்கு இரண்டு பாட்டிலாகத் தெரிந்தது, ஸ்கேல் 'டுர்ர்' என்று சத்தம் போட்டது. அக்கா மகன் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் மேல் மீட்டரை வைத்துக்கொண்டு எண்ணை வாசித்தான். 0.4, 0.9, 1.6. ஒன்றரை நிமிடத்தில் 3 வோல்ட் தொட்டதும் சிவப்பு எல்இடியை வைத்தான், ஒரு மின்னல் மின்னி அணைந்தது. மறுபடி ஒன்றரை நிமிடம், மறுபடி ஒரு மின்னல். காற்று விழும்வரை இருபத்தாறு தடவை செய்தான்.

பாட்டிலை நெடுக்குவாக்கில் பாதியாக வெட்டி, தட்டையான பக்கத்தைக் காற்றுக்குக் காட்டிவைத்தால் அந்தக் குதிரை ஓட்ட ஆட்டம் வருகிறதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெட்டிய பாட்டில் நெளிந்துகொள்கிறது, உள்ளே மூங்கில் சிம்பு வைத்துக் கட்டவேண்டும் என்கிறான்.